ஒட்டிய உறைக்கு ஒரு வெள்ளைக் கோலி

பல்செட்காரர் ஏழாம் கல் சகோதர சபையில் சேர்ந்தபோது சபைக்கு முந்நூறு வயது. அவர் சேர்ந்து பதினான்கு வருடம் ஆவதற்குள் அதற்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வயதாகிவிட்டது. மனிதர்களுக்கு வருடத்துக்கு ஒரு வயதுதான் ஏறும். சபைகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வரலாற்றுத் தூண் என்ற பதவியில் இருப்பவர் ஆண்டுவிழாவில் மேடையேறும்போதெல்லாம் புதிதாக ஒரு சான்று கிடைத்துவிடும். சபையும் நூற்றைம்பது, இருநூறு வருடம் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். மனிதன் குகையை விட்டு வெளியே வந்ததே எங்கள் கூட்டத்துக்குத்தான் என்று ஒருநாள் அவர் சொன்னாலும் சொல்வார். கேட்டுக்கொள்ள அறுபது பேர் அங்கி போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பல்செட்காரரும் ஒருவர்.

அவருக்கு ஒரு கட்டிடத்தின் மாடியில் வாடகைக்கு இரண்டு அறைகள். ஒன்றில் பிளாஸ்டர் அச்சு வார்ப்பது, அறுப்பது, மெருகு போடுவது எல்லாம் அவர் வேலை. இன்னொன்றில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலின் அடியில் மேஜை போட்டு, அவர் மனைவி உட்கார்ந்து மெழுகில் பல் அடுக்குவாள். பொய்ப்பல் செய்வதில் அதுதான் சூட்சுமம். கொஞ்சம் முன்னே தள்ளினால் ஆள் எப்போதும் சிரித்துக்கொண்டிருப்பான், கொஞ்சம் உள்ளே போனால் எப்போதும் கோபமாக இருப்பான். நிறமும் அப்படித்தான். நேர்வெயிலில் மஞ்சள் பல் வெள்ளையாகத் தெரியும், குழல்விளக்கில் வெள்ளைப் பல் நீலமாகத் தெரியும். வடக்கு ஜன்னலின் வெளிச்சத்தில்தான் பல் பல்லாகத் தெரியும். அந்த ஜன்னலுக்காகவே கல்யாணமான புதிதில் இருவரும் ஊரெல்லாம் அலைந்து இந்த அறையைப் பிடித்தார்கள். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. பல் டாக்டர்கள் அச்சு கொடுத்தனுப்பும்போது, “அந்த அம்மா கையால அடுக்குனதா இருக்கணும்” என்று சொல்லியே அனுப்புவார்கள். பல்செட்காரருக்கு அதில் பொறாமை கிடையாது. பெருமைதான்.

கட்டிடம் சபைக்குச் சொந்தமானது. மாடியின் மறுபாதியில் சபையின் மண்டபம் இருந்தது. நடுவில் ஒரு சுவர்தான். எட்டு வருடம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவரை அந்தப் பக்கம் அழைத்துப்போனது மனைவியின் அண்ணன். ஜவுளிக்கடை வைத்திருந்தார். மைத்துனரும் மைத்துனரும் என்பதைவிடச் சிநேகிதர்கள் என்று சொன்னால்தான் பொருந்தும். பல்செட்காரருக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. அது ஜவுளிக்கடைக்காரருக்குத் தெரியும். எந்த இடத்தில் தொட்டால் ஆள் இளகுவார் என்பது ஜவுளி விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“உனக்கு ஒண்ணுன்னா யாரு வருவா மாப்ளே? நான் வருவேன். நான் ஊர்ல இல்லைன்னா? அறுபது பேரு வருவான். கூப்பிடவே வேணாம், மோப்பம் பிடிச்சு வருவான். அண்ணன் தம்பின்னா அதுதான் அண்ணன் தம்பி.”

பல்செட்காரர் அன்றைக்குத் தூங்கவில்லை. அறுபது அண்ணன் தம்பிகள் ஒரே நாளில் கிடைப்பதென்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்.

சேர்க்கைச் சடங்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. கண்ணைக் கட்டி, இடதுகால் செருப்பைக் கழற்றச் சொல்லி, மண்டபத்தை ஏழு சுற்றுச் சுற்றவைத்தார்கள். நான்காவது சுற்றில் அழைத்துப்போனவர் கவனம் பிசகிவிட்டதால் பல்செட்காரர் ஓர் இரும்பு அலமாரியில் போய் முட்டிக்கொண்டார். முழங்கால் வீங்கிவிட்டது. “ஐயோ அம்மா” என்றார். அன்று நடந்ததையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வரலாற்றுத் தூண் அதையும் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் சேர்ந்தவரையும் நான்காவது சுற்றில் அலமாரியில் முட்டவைத்தார்கள். அவரும் “ஐயோ அம்மா” என்று சொல்லும்வரை விடவில்லை. மூன்றாம் வருடம் அதற்கு இரும்புவாசல் சடங்கு என்று பெயர் வந்தது. ஆறாம் வருடம் அது எண்ணூறு வருடப் பழமையானது என்று வரலாற்றுத் தூண் ஆண்டுமலரில் கட்டுரை எழுதினார். அலமாரியின் கதவில் அதைச் செய்த கம்பெனியின் தகரப் பட்டை அப்படியேதான் இருந்தது. அந்த முட்டல் எப்போது தொடங்கியது என்று பல்செட்காரருக்குத் தெரியும். ஆனாலும் கட்டுரையைப் படித்தபோது, தன் முழங்கால் வழியாக எண்ணூறு வருடம் போயிருக்கிறதே என்று அவருக்குக் கண் கலங்கியது. அவ்வளவு நல்ல மனிதர்.

சபையில் கேட்பதையும் பார்ப்பதையும் கட்டிய மனைவியிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்பது சத்தியம். மீறினால் நாக்கு வற்றிப் போகும், கைவிரல்கள் கல்லாகும், மூன்று வருடச் சந்தா திருப்பித் தரப்பட மாட்டாது. பல்செட்காரர் அதைக் கடைப்பிடித்ததுபோல் இன்னொருவர் கடைப்பிடித்திருக்க மாட்டார். கஷ்டம் என்னவென்றால், அங்கியைத் துவைக்க வேண்டியிருந்தது. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஊதா நிறம், மார்பில் ஏழு கற்கள் வெள்ளை நூலில். இது என்னது என்று மனைவி கேட்டபோது, நாடகத்துக்கு என்று சொல்லிவிட்டார். என்ன நாடகம் என்றாள். சரித்திர நாடகம் என்றார். எப்போது போடுவார்கள் என்றாள். ஒத்திகை நடக்கிறது என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. பதினான்கு வருடம் ஒத்திகை நடந்தது, பதினான்கு வருடம் அவள் அங்கியைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து வைத்தாள்.

ஆண்டுவிழாவில் முக்கியமான நிகழ்ச்சி, உலகப் பண்பாட்டுக்கு நம் சபையின் கொடை என்னும் உரை. மனிதர்கள் சந்தித்தால் கைகுலுக்குவது நம்மிடமிருந்து போனது என்று முதல் வருடம் சொன்னார்கள். பல்செட்காரர் கைதட்டினார். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகும் பழக்கத்தை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே நாம்தான் என்று அடுத்த வருடம். அதற்கு முன்னால் எல்லோரும் எப்படிப் போனார்கள் என்று யாரோ கேட்க, நேராகப் போனார்கள், அதனால்தான் அந்தக் காலத்தில் அத்தனை போர்கள் என்று வரலாற்றுத் தூண் பதில் சொன்னார். பிறகு வரிசையில் நிற்பது, ரகசியம் பேசும்போது குரலைத் தாழ்த்துவது, கூட்டத்தில் இருமுவதற்கு முன்னால் கையால் வாயை மூடுவது எல்லாம் ஒவ்வொன்றாகச் சபையின் கணக்கில் சேர்ந்தன. உலகத்தில் நடந்த நல்லது எல்லாவற்றுக்கும் பின்னால் நாம் இருந்தோம், ரகசியமாக இருந்ததால் சான்று இல்லை, சான்று இல்லாததே நாம் இருந்ததற்குச் சான்று என்று அவர் முடிக்கும்போது மண்டபமே எழுந்து நிற்கும்.

ஆனால் சபையின் உண்மையான சொத்து கோலிகள்தான். ஒரு மரப்பெட்டி, அதன் மூடியில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. ஒவ்வொருவர் கையிலும் இரண்டு கோலிகள் தருவார்கள். தீர்மானம் சம்மதமென்றால் வெள்ளை, இல்லையென்றால் கருப்பு. ஒரு கருப்பு விழுந்தாலும் தீர்மானம் செத்தது. இதில் விசேஷம் என்னவென்றால், என்ன தீர்மானம் என்று யாருக்கும் தெரியாது. சபையில் ஏழு படிகள். ஐந்தாம் படிக்கு மேலே இருப்பவர்கள் எழுதி, உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுவருவார்கள். கீழ்ப்படியில் இருப்பவர்கள் உறையைப் பார்த்து வாக்களிக்க வேண்டும். உள்ளே என்ன என்று கேட்பது சகோதரனைச் சந்தேகப்படுவதற்குச் சமம். பல்செட்காரர் பதினான்கு வருடத்தில் மூன்றாம் படிக்கு வந்திருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட உறைகளை நம்பியிருந்தார்.

ஒரே ஒரு தடவை ஒரு கருப்புக் கோலி விழுந்தது. சபை ஆடிப்போய்விட்டது. விசாரணை மூன்று மாதம் நடந்தது. ஒவ்வொருவராக அலமாரிக்கு முன்னால் நிற்கவைத்து, உன் மனதில் கருப்பு இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைசியில் தையல்காரர் ஒருவர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தனக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தது என்று அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார். அவரை முதல் படிக்கு இறக்கினார்கள். பல்செட்காரர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். பதினாறு விதமான வெள்ளையைப் பிரித்துப் பார்க்கிற கண் அவருடையது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கோலியை மெழுகுவர்த்தி அருகில் கொண்டுபோய், திருப்பிப் பார்த்து, சந்தேகமில்லாமல் வெள்ளையைப் போடுவார். சகோதரர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

பதினான்காம் வருடத்தின் பதினேழாவது உறைக்கும் அப்படித்தான் போட்டார். அறுபத்தொரு வெள்ளை. எல்லோரும் எழுந்து நின்று ஏழு தடவை தரையைத் தட்டினார்கள். பக்கத்தில் நின்ற ஜவுளிக்கடை மச்சான் தோளில் தட்டிக்கொடுத்தார்.

மூன்று மாதம் கழித்து அவர் கடைக் கதவின் இடுக்கில் ஒரு கடிதம் கிடந்தது. மாடியில் வடக்கு ஜன்னல் உள்ள அறையையும் அதை ஒட்டிய அறையையும் முப்பது நாளில் காலி செய்து தர வேண்டும் என்று இருந்தது. காரணமும் இருந்தது. ஆண்டுவிழா விருந்துகளில் கைகழுவ வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால், மேற்படி அறைகளில் ஆறு வாஷ்பேசின்கள் வைக்கப்படும், அவற்றில் இரண்டு உயர்படிச் சகோதரர்களுக்கானவை. வரிசையில் நிற்பதை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள் என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டியதில்லை.

பல்செட்காரருக்கு முதலில் கோபம் வரவில்லை. ஏதோ தப்பு நடந்துவிட்டது, அலுவலகத்தில் ஆள் மாறி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தார். மனைவிக்குத் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்துவைத்துக்கொண்டார். சபை விஷயம் வேறு. அவள் ஜன்னலடியில் யாரோ ஒரு பாட்டியின் கீழ்வரிசைப் பல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே போறீங்க என்றுகூடக் கேட்கவில்லை.

சபைச் செயலாளர் அவரை அன்போடு உட்காரவைத்தார். தப்பு இல்லை சகோதரரே, பதினேழாவது உறை என்றார். பல்செட்காரருக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் தன் வலதுகையைப் பார்த்தார். அந்தக் கையால்தான் கோலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் போட்டிருந்தார்.

ஆனாலும் அவர் நம்பிக்கையை விடவில்லை. ஆபத்துக்கால அழைப்பு என்று ஒன்று சபையில் உண்டு. எந்தச் சகோதரனும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, “கல் உருள்கிறது” என்று மூன்று தடவை சொன்னால், அறுபது பேரும் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வேண்டும். சேர்க்கையன்று அதைச் சொல்லிக்கொடுத்தபோதுதான் பல்செட்காரர் அழுதார். இப்போது அதற்கு விண்ணப்பம் கொடுத்தார். ஆபத்தைப் பதினைந்து நாள் முன்னதாகவே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பதினைந்து நாள் பொறுத்து, கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இருபத்தாறாவது இனமாக அவருடைய ஆபத்து வந்தது. எழுந்து கைகளைத் தூக்கினார். குரல் உடைந்தது. மூன்று தடவையும் சொன்னார்.

அறுபது பேரும் எழுந்தார்கள். வலதுகையை மார்பில் வைத்தார்கள். ஒரே குரலில், “கேட்டோம் சகோதரரே” என்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். இருபத்தேழாவது இனம் புதிய நாற்காலிகளுக்கு உறை தைப்பது. பல்செட்காரர் கைகளைத் தூக்கியபடியே கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்தில் இருந்தவர் அங்கியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். தையல்காரர் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

மச்சானிடம் போனார். மச்சான் ஆறாம் படி. சபைத் தலைவரான தலைமைத் தூணிடமே நேரில் பேசக்கூடியவர். ஜவுளிக்கடையில் துணி அளந்துகொண்டே, நான் பார்த்துக்கொள்கிறேன் மாப்ளே, நியாய அவைக்கு ஒரு மனு மட்டும் கொடு, அங்கே நம்ம ஆள் இருக்கிறார் என்றார். பல்செட்காரருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

நியாய அவை என்பது மூன்று பேர். தலையிலிருந்து தோள்வரை கருப்புத் துணியால் மூடியிருப்பார்கள், கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நியாயம் சொல்பவர் யார் என்று தெரிந்தால் நியாயம் கெட்டுவிடும் என்பது ஐதீகம். பல்செட்காரருக்கு மட்டும் இந்த மூடுதுணிகளால் ஒரு பயனும் இருந்ததில்லை. சபையில் பாதிப் பேர் வாயில் இருப்பது அவர் கடைப் பல். யாருடைய செட் லேசாக ஆடுகிறது, யாருக்கு எந்த எழுத்தில் காற்று போகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை.

அவர் மனுவைப் படித்தார். விஷயம் தெரியாமல் வெள்ளைக் கோலி போட்டுவிட்டதாகவும், தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டார் என்றும், இருபத்திரண்டு வருடப் பிழைப்பு அந்த ஜன்னலடியில்தான் இருக்கிறது என்றும், கைகழுவ வேறு இடம் பார்க்க முடியாதா என்றும் எழுதியிருந்தார். நடுவில் இருந்த மூடுதுணி தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது.

“சகோதரரே, சபை உங்களை வெளியேற்றவில்லை. உங்கள் வாக்குதான் வெளியேற்றுகிறது. சபை உங்கள் வாக்கை மதிக்கிறது. நீங்களே அதை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்? விஷயம் தெரியாமல் போட்டேன் என்கிறீர்கள். விஷயம் தெரிந்து போட்டால் அது உங்கள் சொந்த அபிப்பிராயம். தெரியாமல் போட்டால்தான் அது சகோதர பாசம். அநியாயம் நடந்திருந்தால் ஒரு கருப்புக் கோலியாவது விழுந்திருக்கும். விழவில்லை. ஆகவே அநியாயம் நடக்கவில்லை. பாதிக்கப்பட்டவரே சம்மதித்த தீர்மானம் என்பது நம் இரண்டாயிரம் வருட வரலாற்றில் இதுவே முதல் தடவை. இதைவிடப் பெரிய பெருமை ஒரு சகோதரனுக்கு என்ன இருக்க முடியும்?”

‘சகோதரரே’ என்ற முதல் சொல்லிலேயே பல்செட்காரருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. அந்தச் ‘ச’வில் ஒரு மெல்லிய சீழ்க்கை இருந்தது. மேல்செட்டின் இடதுபக்கம் கொஞ்சம் தேய்க்க வேண்டும், வாருங்கள் வாருங்கள் என்று அவர் ஒரு வருடமாகக் கூப்பிட்டு வராத ஆளின் சீழ்க்கை. அந்தச் செட்டைப் பணம் வாங்காமல் செய்துகொடுத்திருந்தார். அண்ணனுக்கு என்று அவர் மனைவி மூன்று நாள் எடுத்துக்கொண்டு, அண்ணனுடைய கல்யாணப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து அடுக்கியது. இளவயதில் அவருக்கிருந்த முன்பல் இடைவெளியைக்கூட மறக்காமல் விட்டிருந்தாள்.

“மச்சான்,” என்றார் பல்செட்காரர். “நீயா?”

மூடுதுணி அசையவில்லை. “இங்கே மச்சான் என்று யாரும் இல்லை. இங்கே ஏழாம் கல் மட்டுமே இருக்கிறது.”

பிறகு அவருக்கு ஆறுதல் அளித்தார்கள். மனுதாரர் காட்டிய முன்மாதிரியான நம்பிக்கையைப் பாராட்டி, நான்காம் படியைத் தாண்டி நேராக ஐந்தாம் படிக்கு உயர்த்துவதாக அறிவித்தார்கள். கழுத்தில் ஒரு பட்டை போட்டார்கள். ஐந்தாம் படிக்காரருக்கு உறைகளைத் திறந்து பார்க்கும் உரிமை உண்டு என்பதால், பதினேழாவது உறையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். பழைய உறை ஒன்றை முதன்முதலாகப் படிக்கும் சகோதரனுக்காக அவையின் மற்ற இருவரும் எழுந்து நின்றார்கள். பல்செட்காரர் தன் இரண்டு அறைகளும் போகிற கதையை நிதானமாக, மரியாதையாக, நின்றுகொண்டே படித்தார். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் ஜவுளிக்கடைக்காரரின் கையெழுத்து இருந்தது.

மாடிப்படியில் மச்சான் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். மூடுதுணி இல்லை. முகம் வியர்த்திருந்தது. “மனசுல வச்சுக்காத மாப்ளே. அங்க பேசுனது நான் இல்ல, பதவி பேசுது. அடுத்த வருஷம் நான் தலைமைத் தூணுக்கு நிக்கறேன். ஏதாச்சும் ஒண்ணு செஞ்சு காட்டணும்ல? பேசின் விஷயம் எல்லாருக்கும் பிடிச்சிருந்தது. உன்னோட கோலியும் வெள்ளைதானே.”

பல்செட்காரர் கையை விடுவித்துக்கொண்டு இறங்கினார். தெருவில் சாயங்கால வெயில் அடித்தது. டீக்கடையில், பேருந்து நிறுத்தத்தில், மருந்துக்கடையில் எத்தனையோ பேர் நின்றார்கள். யாரும் அவருக்குச் சகோதரன் இல்லை. காலையில் அப்படி நினைத்திருந்தால் அவர்கள் மேல் பரிதாபம் வந்திருக்கும். இப்போது நிம்மதியாக இருந்தது. அறுபது பேரையும் வெறுக்க வேண்டும் போலிருந்தது, முடியவில்லை. மச்சானை மட்டும் முடிந்தது. பட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி மாடியேறினார். சத்தியத்தை மீறுவதென்று முடிவு செய்திருந்தார். நாக்கு வற்றினால் வற்றட்டும்.

மனைவி மேஜையில்தான் இருந்தாள். வெளிச்சம் போகும் நேரம் என்பதால் நிறம் பார்க்கும் வேலையை முடித்துவிட்டு, மெழுகு சூடாக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றார். சொன்னார். கண்ணைக் கட்டியது, அலமாரியில் முட்டியது, நாடகம் என்று சொன்ன பொய், கோலிகள், உறைகள், கைதூக்கி நின்றது, கருப்புத் துணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அண்ணனுடைய சீழ்க்கையைச் சொல்லும்போது மட்டும் தயங்கினார். கடைசியில் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

அவள் கடிதத்தைப் பிரிக்கவில்லை.

“தெரியும்,” என்றாள்.

எது தெரியும் என்று கேட்டார்.

“எல்லாந்தான். அண்ணி மூணு மாசத்துக்கு முன்னாடியே சொன்னாங்க. சபை விஷயம் எல்லா வீட்லயும் தெரியுங்க. அங்கிய நாங்கதானே துவைக்கிறோம்.” கத்தியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். “அன்னிக்கே அண்ணன்கிட்டப் போயி சண்ட போட்டேன். எங்க பொழப்புல கைய வைக்கிறியேன்னு கேட்டேன். உன் புருஷனே வெள்ளக் கோலிதான் போட்டாரு, ஒருத்தர்கூட மறுக்கல, அவருகிட்டக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதேன்னு சொன்னாரு. மொதல்ல நான் நம்பல. அண்ணி அடிச்சுச் சொன்னாங்க. உறையப் பிரிக்காமதான் போடுவீங்கன்னு யாரும் சொல்லல. அப்படி ஒரு கூத்து இருக்கும்னு யாருக்குத் தோணும்?”

பல்செட்காரருக்கு வாய் உலர்ந்தது. சபை சொன்ன தண்டனை இதுதானோ என்று ஒரு கணம் தோன்றியது. மூன்று மாதமாக அவள் எதிரில் உட்கார்ந்து பல் அடுக்கியிருக்கிறாள். சாப்பாடு போட்டிருக்கிறாள். அந்த அங்கியைக்கூட மூன்று தடவை துவைத்து மடித்துவைத்திருக்கிறாள். இந்த ஆள் என் ஜன்னலை எடுத்துக் கொடுத்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டு.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றார்.

“கேட்டா சொல்லியிருப்பீங்களா?”

கேட்டிருந்தால், அது சபை விஷயம், உனக்கெதுக்கு என்று சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, சத்தியம் காத்த பெருமையோடு அன்றைக்கு நன்றாகத் தூங்கியும் இருப்பார். அவளுக்கும் அது தெரியும்.

கடிதத்தை எடுத்து மறுபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போனது போகட்டும், நாளையிலிருந்து இரண்டு பேருமாக அலைந்து வடக்கு ஜன்னல் வைத்த ஓர் இடம் பிடித்துவிடலாம், முன்பு பிடித்தோமே என்றார். நான் உன்னிடம் இனி எதையும் மறைக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

அவள் அழவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து தன்னுடைய கத்தி, இடுக்கி, பல்லின் நிறம் பார்க்கும் அட்டை எல்லாவற்றையும் ஒரு துணியில் வரிசையாக வைத்துச் சுற்றினாள். ஆற்றுப்பாலம் தாண்டிப் பெரிய பல் ஆஸ்பத்திரி ஒன்றில் பல் அடுக்கும் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். போன வாரமே பேசி முடித்ததாம்.

பல்செட்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்லதாகப் போயிற்று, எனக்கும் அங்கே ஏதாவது இருக்குமா, மெருகு போட, அச்சு வார்க்க என்று கேட்டார்.

“ரெண்டு பேருக்கும் இடம் இருக்குன்னுதான் சொன்னாங்க,” என்றாள் அவள், துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டே. “நான் ஒரு ஆளுக்குப் போதும்னு சொல்லிட்டேன்.”